ஹாப்டிக் கைப்பிடிக்கு கேபிள் கேப்ஸ்டன் டிரைவ்: எத்தனை சுற்று, எவ்வளவு டென்ஷன், முனையை எப்படிக் கட்டுவது?

#1 நிலாவன்

வணக்கம். ஒரே அச்சில் திரும்பும் ஹாப்டிக் (விசையைக் கையில் உணர்த்தும்) கைப்பிடி ஒன்றின் வரைபடம் தயாராக இருக்கிறது. மெய்நிகர் சுவர், ஸ்பிரிங், தணிப்பு ஆகியவற்றை மாணவர்கள் கையால் தொட்டு உணர்வதற்கான கருவி. பாகங்களை வெட்டக் கொடுப்பதற்கு முன் இங்கே ஒருமுறை அலசிவிடலாம் என்று போடுகிறேன்.

மோட்டார் புல்லியில் சுற்றிய கேபிள், கைப்பிடி மாட்டிய வட்டத்துண்டு வடிவ செக்டரை இழுத்துத் திருப்பும்; இதுதான் கேப்ஸ்டன் டிரைவ். செக்டர் ஆரம் 70 மி.மீ. மோட்டார் புல்லி விட்டம் 10 மி.மீ. கைப்பிடி அச்சிலிருந்து 100 மி.மீ. தூரத்தில். பக்கத்துக்கு 45 பாகை, மொத்தம் 90 பாகை நகர்வு. மோட்டார் 24 வோல்ட் கோர்லெஸ் டிசி; தொடர்ந்து தரக்கூடிய முறுக்குவிசை 25 மில்லிநியூட்டன்-மீட்டர், சில நொடிகளுக்கு 80 வரை போகலாம். மோட்டார் பின்னால் 500 கோடு என்கோடர் (சுழற்சியை எண்ணும் உணரி), நான்கு மடங்காக்கினால் சுற்றுக்கு 2000 எண்ணிக்கை. செக்டரும் அடித்தளமும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட்.

கேள்விகள்: கேபிளுக்குப் பதில் கியர் மோட்டாரோ டைமிங் பெல்ட்டோ போட்டால் என்ன கெடும்? எந்தக் கேபிள், புல்லியில் எத்தனை சுற்று? டென்ஷன் எவ்வளவு? இப்போதைய வரைபடத்தில் கேபிளின் ஒரு முனையில் இழுப்பு ஸ்பிரிங் வைத்திருக்கிறேன், கேபிள் தளர்ந்தாலும் அதுவே பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில். அது சரியா?

#2 முறுக்குவிசை

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஹாப்டிக் கருவியில் பயனரின் கைதான் மோட்டாரைத் திருப்புகிறது. மோட்டார் சும்மா இருக்கும்போது கைப்பிடி காற்றில் அசைவதுபோல் லேசாக இருக்க வேண்டும். சுவரைத் தொட்ட கணத்தில் இறுக வேண்டும். கியர்பாக்ஸ் இரண்டையும் கெடுக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டம், விசை திசை மாறும் இடத்தில், அதாவது சுவரின் விளிம்பிலேயே, 'டிக்' என்று கையில் தட்டும். டைமிங் பெல்ட்டில் ஆட்டம் குறைவு, ஆனால் பல் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். மெல்லிய அதிர்வை விரல் நுனி நன்றாகவே பிடித்துவிடும்.

அடுத்தது சுழல் நிலைமம். விகிதத்தின் வர்க்கமாக அது கைக்கு வந்து சேரும். இந்த அளவு மோட்டாரின் ரோட்டார் நிலைமத்தை 10 கிராம்-செ.மீ² என்று எடுத்துக்கொள்வோம். விகிதம் 14 என்றால் 196 மடங்கு. 100 மி.மீ. தூரத்தில் இருக்கும் கைக்கு அது வெறும் 20 கிராம் எடையாகத் தெரியும். அதே மோட்டாரில் 50:1 கியர்பாக்ஸ் போட்டால் 250 கிராம். கூடவே கியர்பாக்ஸின் உள் உராய்வும் பெருகி வரும்.

14:1 விகிதத்தில் கைப்பிடியில் கிடைப்பது தொடர்ந்து 3.5 நியூட்டன், உச்சத்தில் 11 நியூட்டன். சுவரை உணர இது தாராளம். ஆக உங்கள் அளவுகள் நியாயமானவை. இது புது வழியும் இல்லை. எம்ஐடியில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 1994இல் வெளியிட்ட ஃபேன்டம் கருவியும், பாரெட் நிறுவனத்தின் வாம் கையும் கேபிளில் ஓடுபவைதான்.

#3 இழுவிசை

டென்ஷன் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

உச்சத்தில் புல்லி கேபிளை இழுக்கும் விசை = 0.080 ÷ 0.005 = 16 நியூட்டன். கேபிள் செக்டரின் ஒரு முனையில் தொடங்கி, புல்லியைச் சுற்றி, மறுமுனையில் முடிகிறது. இரு பக்கமும் முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருந்தால் சுமை சரிபாதியாகப் பிரியும்: ஒரு பக்கம் டென்ஷன் 8 ஏறும், மறுபக்கம் 8 இறங்கும். ஆக முன்-டென்ஷன் 8 நியூட்டனுக்குக் கீழே போனால் ஒரு பக்கம் முழுக்கத் தொய்ந்துவிடும்.

வழுக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. புல்லியில் சுற்றிய கேபிள் தாங்கும் இழுவிசை விகிதம், இயல் மடக்கையின் அடியெண்ணான 2.718 என்பதன் அடுக்காக 'உராய்வுக் கெழு × சுற்றுக் கோணம் ரேடியனில்' என்று வைத்தால் வருவது. எஃகுக் கேபிள், அலுமினியப் புல்லி, லேசான எண்ணெய்ப் பிசுக்கு என்று வைத்து உராய்வுக் கெழுவை 0.1 என்றே எடுங்கள். கூடுதலாக இருந்தால் லாபம். 1 சுற்று 1.9 மடங்கு தாங்கும். 2 சுற்று 3.5. 3 சுற்று 6.6. 4 சுற்று 12.

இப்போது தேவையைப் பாருங்கள். முன்-டென்ஷன் 20 என்றால் இரு பக்கமும் 28, 12, விகிதம் 2.3. டென்ஷன் 15க்கு இறங்கினால் 23, 7, விகிதம் 3.3. 10க்கு இறங்கினால் 18, 2. விகிதம் 9, அங்கே 3 சுற்றும் போதாது. 15இலிருந்து 10க்குப் போகும் அந்தச் சின்ன இறக்கத்தில்தான் எல்லாம் கவிழ்கிறது. அதனால்தான் கருவி ஒரு வாரம் அருமையாக ஓடிவிட்டு, திடீரென்று ஒரு நாள் நடுநிலை நகர்ந்து நிற்கும். சுற்றைக் கூட்டினால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. 3 சுற்று, 20 நியூட்டன். அதில் நிற்கலாம்.

20 நியூட்டனில் இருபுறமும் இழுத்தால் மோட்டார் பேரிங் கெட்டுவிடாதா என்று யாராவது கேட்பார்கள். பெல்ட் டிரைவில் இரு இழையும் ஒரே பக்கம் இழுக்கும். பேரிங்கில் 40 நியூட்டன் விழும். இங்கே கேபிள் செக்டருக்கும் புல்லிக்கும் நடுவே குறுக்கே போகிறது, இரு பக்க இழுவையும் ஏறக்குறைய எதிரெதிராக நிற்கிறது. செக்டர் விளிம்புக்கும் புல்லிக்கும் 1 மி.மீ. இடைவெளி விட்டால் அச்சுத் தூரம் 76 மி.மீ.; கேபிள் சாய்வு 9 பாகைதான்; பேரிங்குக்குப் போவது டென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6.5 நியூட்டன். அதே இடைவெளி 10 மி.மீ. ஆனால் சாய்வு 28 பாகை, சுமை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மோட்டாரை எவ்வளவு நெருக்கி வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள்.

#4 லேத்துப்பட்டறை

தம்பி நிலாவன், புல்லியை பிரிண்ட் போடாதீங்க. மற்றது எதுவானாலும் பிரிண்ட் போடலாம், அந்த 10 மி.மீ. துண்டு மட்டும் லேத்தில் கடைந்ததாக இருக்கணும்.

கேபிள்: 0.6 மி.மீ. விட்டம், 7×7 ஸ்டெயின்லெஸ் (ஏழு புரி, புரிக்கு ஏழு இழை). 7×19 கிடைத்தால் இன்னும் நல்லது, அது கூடுதலாக வளையும்; ஆனால் இந்தச் சின்ன விட்டத்தில் கிடைப்பது கஷ்டம். புல்லி விட்டத்தைக் கேபிள் விட்டத்தால் வகுத்தால் இங்கே 16 முதல் 17 வருது. கேபிள் தயாரிப்பாளர்கள் 7×7க்குக் கேட்பது இதைவிட நிறைய. சுமை குறைவாக இருப்பதால்தான் இது ஓடும். 0.8 மி.மீ. போட்டா பலம் கூடும்னு நினைக்காதீங்க. விகிதம் 12.5க்கு இறங்கி, வளைவிலேயே இழை களைத்து ஒவ்வொன்றாக அறும். தடித்த கேபிள் சின்ன புல்லியில் சீக்கிரம் சாகும்.

மீன்பிடி கடையில் கிடைக்கும் நைலான் உறை போட்ட எஃகு லீடர் கம்பியைப் பல பேர் போடுறாங்க. ஓடும். ஆனா கிரிம்ப் பண்ணின (ஸ்லீவை நசுக்கி முனை கட்டின) இடத்தில் நைலான் மெல்ல நசுங்கி, உள்ளே எஃகு நழுவும். அதைப் போட்டே ஆகணும்னா கிரிம்ப் வரும் நீளத்துக்கு உறையைச் சீவி எடுத்துடுங்க.

புல்லி கடைசல்: விசை வேலை செய்யும் ஆரம் கேபிளின் நடுக்கோட்டில் இருக்கு. அது 5.0 ஆக வேணும்னா காடியின் அடி விட்டம் 9.4. லேத்தை 0.8 மி.மீ. மரைக்கு வைத்து, நுனி 0.32 ஆரத்துக்குத் தீட்டிய டூல் பிட்டால் 0.2 மி.மீ. ஆழத்துக்கு மரை வெட்டுவதுபோலவே வெட்டணும். வெளி விட்டம் 9.8 வரும், காடிக்குக் காடி 0.2 மி.மீ. வரப்பு நிற்கும். சாதாரண வி-மரை வேண்டாம், ரெடிமேட் மரைத் தண்டை அறுத்துப் போடுவதும் வேண்டாம். வி-யின் இரு சுவரும் கேபிளை இரண்டு கோட்டில் கடிக்கும், இழை அங்கேதான் அறும். வெட்டி முடிச்சதும் 600 நம்பர் எமரி பேப்பரை நூல் மாதிரி மடிச்சுக் காடிக்குள் ஓட்டிப் பிசிறு எடுங்க.

நீளக் கணக்கு: 90 பாகை நகர்வுக்குப் புல்லி 3.5 சுற்று சுற்றும். கேபிள் காடியில் பக்கவாட்டில் நடந்துகிட்டே போகும், சுற்றுக்கு 0.8. ஆக காடி நீளம் (3 + 3.5) × 0.8 = 5.2 மி.மீ. இரு பக்கமும் ஒரு மி.மீ.க்கு மேல் விட்டு 8 மி.மீ. புல்லி.

இதில்தான் எல்லோரும் சறுக்குறாங்க: செக்டரில் இரண்டு முனையையும் ஒரே நேர்கோட்டில், அகலத்தின் நடுவில் வைச்சுடறாங்க. கேபிள் ஒரு பக்கத்திலிருந்து ஏறி மறுபக்கமா இறங்குது, நடந்துகிட்டும் இருக்கு. அதனால ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அகலவாக்கில் அதே 5.2 மி.மீ. தள்ளி இருக்கணும். செக்டர் விளிம்பு 8 மி.மீ. அகலம், தட்டையாகவே இருக்கட்டும், காடி வேண்டாம். முனைகள் சரியான இடத்தில் இருந்தா கேபிள் தானே சாய்வா படிஞ்சு போகும். முனை தப்பினா வரப்பைத் தாண்டி பக்கத்துச் சுற்று மேல ஏறும். சுற்றுக்கு ஒருமுறை கையில் 'கடக்'னு தட்டும்.

எந்தப் பக்கம் தள்ளணும்னு குழப்பம் வந்தா, வெட்டுவதற்கு முன் புல்லியில் நூலைச் சுற்றிப் பார்த்துடுங்க. வலக்கை மரையா இடக்கை மரையா என்பதைப் பொறுத்து முனைகள் இடம் மாறும்.

#5 நிலாவன்

அண்ணே, மிக்க நன்றி. முனைகளை நடுவில்தான் வரைந்திருந்தேன், மாற்றிவிடுகிறேன். ஸ்பிரிங் பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று: 20 நியூட்டன் என்று எப்படி அளந்து வைப்பது?

#6 இழுவிசை

ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு.

0.6 மி.மீ. 7×7 கேபிளில் உலோகப் பரப்பு சுமார் 0.16 மி.மீ². முறுக்கிய கேபிளின் மீள்தன்மைக் குணகம் திட எஃகின் பாதி அல்லது அதற்கும் குறைவு; 90 கிகாபாஸ்கல் என்று வைத்தால் பெருக்குத்தொகை 14,000 நியூட்டன். நடு நிலையில் ஒரு பக்கக் கேபிள் நீளம், புல்லிக்கும் செக்டருக்கும் நடுவே தொங்கும் 12 மி.மீ., செக்டர் மேல் படிந்த 55 மி.மீ., ஆக 67 மி.மீ. அதன் விறைப்பு மி.மீ.க்கு 210 நியூட்டன். அதோடு தொடராக மி.மீ.க்கு 5 நியூட்டன் ஸ்பிரிங் ஒன்றை வைத்தால் அந்தப் பக்கத்தின் விறைப்பு 5க்கும் கீழே. செக்டர் மேல் படிந்த கேபிளின் உராய்வு காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். 45 பாகைக்கு அது 10 சதவீதம்கூடத் தாங்காது. சுமை ஏறக்குறைய முழுவதும் ஸ்பிரிங் இல்லாத பக்கத்திலேயே ஏறி இறங்கும்; முன்-டென்ஷன் 16 நியூட்டனுக்குக் கீழே போனால் அந்தப் பக்கம் தொய்ந்து, ஒரு திசையில் சுவர் கல்லாகவும், மறு திசையில் ரப்பராகவும் தெரியும்.

முனை நகரக் கூடாது, ஆனால் டென்ஷன் நிற்க வேண்டும். இதில் உள்ள சங்கடத்தை எண்ணால் பாருங்கள். புல்லியில் 3 சுற்று 94 மி.மீ., பக்கங்கள் 134, மொத்தம் சுமார் 230 மி.மீ. கேபிள். 20 நியூட்டனில் அது நீளுவது 0.33 மி.மீ. மட்டுமே. எம்3 திருகின் மரை 0.5 மி.மீ.; தொய்வு எடுத்த பிறகு முக்கால் திருப்புகூட இல்லை. இதையே திருப்பிப் போடுங்கள்: முனையில் எங்காவது 0.1 மி.மீ. நழுவினால் டென்ஷனில் 6 நியூட்டன் காலி. 0.2 நழுவினால் 20 என்பது 8 ஆகிவிடும், அது நான் #3இல் சொன்ன தொய்வு எல்லை. கேபிள் அறுந்து கருவி கெடுவது அபூர்வம். முனை 0.2 மி.மீ. நகர்ந்து கெடுவதுதான் வழக்கம்.

ஆகவே முனை வேலைக்கு நேரம் செலவழியுங்கள். எஃகுக் கேபிளில் முடிச்சு போடவே கூடாது. கண்ணி போட்டு, நீள்வட்டத் தாமிர ஸ்லீவில் இரு இழையையும் நுழைத்து, அதற்கான கிரிம்ப் கருவியால் இரண்டு இடத்தில் நசுக்குங்கள். ஸ்டெயின்லெஸுக்கு அலுமினிய ஸ்லீவ் வேண்டாம், ஈரத்தில் அரிக்கும். கட்டிங் பிளையரால் நசுக்கினால் ஸ்லீவ் ஒரு பக்கம் வெடிக்கும் அல்லது கேபிள் இழை நறுங்கும். கிரிம்ப் ஆனதும் 6 கிலோ எடையை ஒரு பத்து நிமிடம் தொங்கவிட்டு, ஸ்லீவ் வாயருகே மார்க்கர் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இந்தச் சோதனை புதுக் கேபிளின் புரிகளையும் படியவைத்துவிடும்.

அளப்பதற்கு: பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு முனை நிலையாக. மறுமுனையின் கண்ணி ஒரு சின்ன அலுமினிய நகர்தகட்டில். தகட்டில் நீள்துளை, மேலே எம்3 திருகும் வாஷரும். தகட்டைத் தராசால் 2 கிலோ காட்டும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை முழு நகர்வுக்கு இருபது தடவையாவது அங்கும் இங்கும் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் புல்லியின் சுற்றுகள் டென்ஷனை மறுபக்கம் போக விடாது. தராசு 2 கிலோ காட்டும், அந்தப் பக்கம் அரை கிலோதான் இருக்கும். எண் இறங்கினால் மறுபடி 2க்குக் கொண்டுவந்து, நிலைத்தபின் எம்3ஐ இறுக்குங்கள். உங்கள் ஸ்பிரிங் ஆசை இங்கே உதவும். தராசுக்குப் பதில் ஸ்பிரிங்கை வைத்து இழுத்து, திருகை இறுக்கியபின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம்.

#7 பின்னல்

எல்லோரும் எஃகு என்றே பேசுகிறீர்கள். டைனீமா (மிக வலுவான பாலிஎத்திலீன் இழை) பின்னல் கயிறு இதற்கு நன்றாகவே ஒத்துவரும். புல்லி விட்டம் கயிற்றைப்போல எட்டு மடங்கு இருந்தாலே போதும், களைத்து அறும் இழை கிடையாது, கையில் குத்தாது, கிரிம்ப் கருவி வேண்டாம். 1 மி.மீ. கயிறு அறுபட நூறு கிலோ அளவு சுமை தேவை. இங்கே 2 கிலோவுக்கு இவ்வளவு கவலை எதற்கு?

#8 முறுக்குவிசை

பின்னல் சொல்வதில் பாதி சரி. ரோபோ கால், கை மாதிரி பெரிய விசைக்கு டைனீமா கேப்ஸ்டன் அருமையாக ஓடுகிறது. ஹாப்டிக் கருவிக்கு இரண்டு தடை.

ஒன்று, உராய்வு மிகக் குறைவு. கெழுவை 0.06 என்று எடுத்தால் 3 சுற்று தாங்குவது 3.1 மடங்குதான், எஃகின் 3 சுற்றுக்கு ஈடாக இதற்கு 5 சுற்று வேண்டும், 1 மி.மீ. கயிறுக்குக் காடி அகலமும் கூடும். புல்லி நீளம் இரட்டிப்புக்கு மேல் போய்விடும். இரண்டு, பின்னல் தட்டையாகிறது, முடிச்சு இறுகிக்கொண்டே போகிறது, இழையும் நிரந்தரச் சுமையில் மெல்ல நீளும். அறுபடும் பலம் இங்கே பிரச்சினையே இல்லை, நீளம் மாறாமல் இருப்பதுதான் பிரச்சினை.

அவர் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டைனீமா எஃகைவிட இளகியது என்பதால் அதே 0.1 மி.மீ. நழுவலுக்கு இழக்கும் டென்ஷன் குறைவு. கிரிம்ப் கருவி இல்லாத இடத்தில் நன்றாகப் போட்ட டைனீமா முடிச்சு, மோசமாகப் போட்ட எஃகு கிரிம்பைவிட எவ்வளவோ மேல். போடுவதானால் முதலில் 20 கிலோ சுமையில் ஒரு நாள் தொங்கவிட்டு நீட்டி எடுங்கள். சாலிடரிங் இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 150 பாகைக்குள் உருகிவிடும்.

#9 பின்னல்

நீட்டி எடுப்பது பற்றி ஒத்துக்கொள்கிறேன். வழுக்கலுக்கு வேறு வழி உண்டு: புல்லியின் நடுவில் குறுக்கே 1.2 மி.மீ. துளை போட்டு கயிற்றை அதன் வழியே கோத்துவிட்டால் வழுக்க இடமே இல்லை. நகர்வு 3.5 சுற்றுதானே, இருபுறமும் போதுமான சுற்று வைத்தால் துளை இருக்கும் இடம் ஒருபோதும் வெளியே வராது.

#10 லேத்துப்பட்டறை

துளை யோசனை எஃகுக்கும் பொருந்தும். ஆனா துளை வாயை நல்லா உருட்டி எடுக்கணும். கூரா விட்டா அந்த ஒரே இடத்தில் கேபிள் மடங்கி அறும். இன்னொரு கணக்கும் இருக்கு. துளைக்கு இரண்டு பக்கமும் 1.75 சுற்று நகர்வுக்கே போயிடும், அது மேல ஒரு சுற்றாவது பிடிமானத்துக்கு நிற்கணும். மொத்தம் ஐந்தரை, ஆறு சுற்று. அப்போ காடி நீளமும் முனைத் தள்ளலும் மாறும், மறுபடி கணக்கு போடுங்க.

#11 மென்தொடு

இயந்திரப் பக்கம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பக்கமும் இப்போதே பார்க்க வேண்டும். 'சுவர் உறுமுகிறது' என்று வந்து கேபிளைக் குறைசொல்பவர்கள் அதிகம்.

கேபிளின் விறைப்பு இரு பக்கமும் சேர்ந்து மி.மீ.க்கு 420 நியூட்டன். கைப்பிடிக்கு மாற்றினால் பாதி, சுமார் 200. நீங்கள் மென்பொருளில் வைக்கப்போகும் சுவர் மி.மீ.க்கு 1 முதல் 4 நியூட்டன். ஆக கேபிள் ஐம்பது மடங்கு விறைப்பு. மெத்தென்று இருந்தால் மோட்டார் தகட்டையோ, முனை மாட்டிய பிஎல்ஏ காதையோ பாருங்கள். மோட்டார் தகடு 4 மி.மீ. பிரிண்ட் என்றால் அது முறுக்கிக்கொள்ளும், 6 மி.மீ. அலுமினியமாக மாற்றுங்கள். பிஎல்ஏ தொடர் சுமையில் மெல்ல வளைந்துகொண்டே போகும், 55 பாகையைத் தாண்டினால் இளகியேவிடும். மூடிய காரிலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ ஒரு மதியம் விட்டால் இழுவிசை சொன்ன அந்த 0.2 மி.மீ. போயே போய்விடும். முனைக் காதுகள் மட்டுமாவது அலுமினியத்தில் இருக்கட்டும்.

சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதற்கு ஆய்வாளர்கள் அபட், ஒகமுரா 2005இல் தந்த எல்லை எளிமையானது. இரண்டில் எது சிறியதோ அதுதான் எல்லை: கருவியின் இயல்பான தணிப்பின் இரு மடங்கை சாம்பிள் நேரத்தால் வகுத்தது, அல்லது உலர் உராய்வின் இரு மடங்கை என்கோடரின் ஒரு படியால் வகுத்தது. உங்கள் என்கோடரின் ஒரு படி கைப்பிடியில் 0.022 மி.மீ. உலர் உராய்வு 0.1 நியூட்டன் என்றால் இரண்டாம் எல்லை மி.மீ.க்கு 9 நியூட்டன், கவலையில்லை. தணிப்பு மீட்டர்/நொடிக்கு 0.5 நியூட்டன் என்று வைத்தால் முதல் எல்லை 1 கிலோஹெர்ட்ஸில் மி.மீ.க்கு 1 நியூட்டன்தான். 4 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் 4. ஆகவே என்கோடருக்குச் செலவழிப்பதைவிட லூப் வேகத்துக்கு (கட்டுப்பாட்டு நிரல் நொடிக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதற்கு) செலவழியுங்கள். சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்து அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல் 1 கிலோஹெர்ட்ஸைக்கூடத் தொடாது.

வேகம் கூட்டினால் இன்னொரு தொல்லை வரும். வேகத்தைப் படி வித்தியாசத்தால் கணக்கிட்டால் 4 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஒரு படி என்பது நொடிக்கு 90 மி.மீ. வேகமாகத் தெரியும். அதைத் தணிப்புக் கெழுவால் பெருக்கினால் கையில் மணல் உரசுவதுபோல் இருக்கும். 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை தாழ்நிலை வடிகட்டி போடுங்கள். வடிகட்டி இருக்கிறதே என்று தணிப்பை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள்.

மோட்டார் டிரைவர் மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். எல்298 மாதிரி பழைய டிரைவர் இரண்டு வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். மெல்லிய விசைகள் எல்லாம் அதிலேயே கரைந்துபோகும்.

#12 நிலாவன்

மென்தொடு, இது பெரிய உதவி. அலுமினியத் தகடுக்கு மாற்றிவிட்டேன். அடுத்த கட்டமாக இரண்டாவது அச்சு சேர்க்க நினைக்கிறேன். மோட்டாரைக் கையின் மேல் ஏற்றாமல் அடித்தளத்திலேயே வைத்து, சைக்கிள் பிரேக் மாதிரி உறைக்குள் கேபிளை ஓட்டினால் எளிதாக இருக்குமே?

#13 இழுவிசை

நீங்கள் சொல்லும் அந்த பிரேக் கேபிள் உறையை (பௌடன் உறை) ஹாப்டிக்கில் கடைசி வழியாக வையுங்கள். #3இல் புல்லிக்கு நன்மை செய்த அதே அடுக்குக் கணக்கு இங்கே எதிரியாகிறது. உள்ளே டெஃப்லான் குழாய், கெழு 0.1 என்று நல்லபடியாகவே வைத்தாலும், மொத்த வளைவு 180 பாகை என்றால் 27 சதவீத விசை உறையிலேயே போகும். 360 பாகை என்றால் 47 சதவீதம். திசை மாறும்போது உராய்வும் திசை மாறுவதால், 180 பாகையிலேயே மறுமுனையில் 10 நியூட்டன் இருக்கும்போது மோட்டார் பக்கம் 13.7 ஆகவும் இருக்கலாம், 7.3 ஆகவும் இருக்கலாம். நடுவில் உள்ள அந்த அகலம் முழுவதும் பயனருக்குத் தெரியாத விசை. உறை வளைவு கையோடு மாறிக்கொண்டே இருந்தால் மென்பொருளில் ஈடுசெய்வதும் நடக்காது. கையுறை, எக்ஸோஸ்கெலிடன் வகைக் கருவியில் எடை குறைய வேறு வழியில்லை என்றால் மட்டும் போடுங்கள். அப்போதும் விரல் பக்கத்தில் விசை உணரி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது திறந்த கேபிளும் பேரிங் வைத்த வழிகாட்டிப் புல்லிகளும். முதல் அச்சோடு ஒரே மையத்தில் சுழலும் ஐட்லர் (எதையும் ஓட்டாமல் சும்மா சுழலும் புல்லி) மேல் இரண்டாவது அச்சின் கேபிளைச் சுற்றி எடுத்துப் போங்கள். அப்போது முதல் அச்சு திரும்பினால் இரண்டாவதும் ஒரு பங்கு திரும்பும். கேபிள் நீளம் மாறாததால் டென்ஷன் மாறாது. கோணம் மட்டும் கலக்கும். ஐட்லர் ஆரத்தை இரண்டாவது அச்சின் புல்லி ஆரத்தால் வகுத்து வரும் பங்கை மென்பொருளில் கழித்துவிடலாம். விசைக்கும் அதே பங்கு எதிர்வழியில் வரும். கோணத்தைக் கழித்துவிட்டு விசையை மறந்தால், இரண்டாவது அச்சில் சுவர் தட்டும்போது முதல் அச்சு தானாக உதைக்கும். ஐட்லர் முதல் அச்சின் மையத்திலிருந்து விலகி இருந்தால் கேபிள் நீளமே மாறும், ஒரு கோணத்தில் இறுகி மறு கோணத்தில் தொய்யும். அதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

கேபிள் ஒவ்வொரு புல்லிக்குள்ளும் நுழையும் பக்கவாட்டுச் சாய்வு 1.5 பாகைக்குள் இருக்கட்டும். 100 மி.மீ. நீளத்துக்கு 2.6 மி.மீ. அதற்கு மேல் போனால் கேபிள் காடிச் சுவரில் உரசிக்கொண்டே ஓடும், கையில் நறநறவென்று தெரியும்.

#14 முறுக்குவிசை

மூன்று அச்சு, விரல் என்று பின்னால் போவதாக இருந்தால் ஒரு சேர்ப்பு. கேபிள் இழுக்கும், தள்ளாது. அதனால் மூட்டுக்கு இரண்டு கேபிள் என்றே எல்லோரும் தொடங்குவார்கள். எல்லா மூட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், மூட்டு எண்ணிக்கையைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தாலும் போதும். சாலிஸ்பரியின் ஸ்டான்ஃபோர்ட்/ஜேபிஎல் கையில் விரலுக்கு மூன்று மூட்டு, நான்கு கேபிள். யூட்டா/எம்ஐடி கை மூட்டுக்கு இரண்டு என்ற வழியில் போனது. முன்னதில் மோட்டார் குறையும், ஆனால் ஒரு கேபிளின் டென்ஷனை மாற்றினால் எல்லா மூட்டும் அசையும். டென்ஷன் உணரி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சின்ன புல்லி தவிர்க்க முடியாத இடத்தில் டங்ஸ்டன் கேபிள் போடுவார்கள். டா வின்சி அறுவைக் கருவிகளின் மணிக்கட்டில் அதுதான். மெல்லிய இழைகள் நிறைய, விறைப்பும் அதிகம். இருந்தும் அந்தக் கருவிகளுக்கு இத்தனை முறைதான் என்று பயன்பாட்டு வரம்பு இருக்கிறது. சின்ன வளைவில் ஓடும் கேபிளுக்கு ஆயுள் எல்லை உண்டு.

#15 லேத்துப்பட்டறை

நிலாவன், மாட்டினதுக்கு அப்புறம் என்ன பார்க்கணும்னு சொல்லிடறேன்.

மோட்டார் வயரைக் கழற்றிட்டு கைப்பிடியை மெதுவா முழு நகர்வுக்கு ஓட்டுங்க. ஒரே சீரா இருக்கணும். சுற்றுக்கு ஒருமுறை கனம் கூடிக் குறைஞ்சா புல்லித் துளை மையம் விலகியிருக்கு. கிரப் ஸ்க்ரூ ஒரு பக்கமா தள்ளியிருக்கலாம். துளையை மோட்டார் தண்டுக்குச் சரியா ரீமர் போட்டு, தண்டில் ஒரு சின்னத் தட்டை அரைச்சு, அங்கே ஸ்க்ரூ உட்காரட்டும். ஒரு முனைப் பக்கம் மட்டும் கனமா இருந்தா செக்டர் வட்டமா இல்லை, இல்லாட்டி கேபிள் ஒரு முனையில் வரப்பு மேல ஏற ஆரம்பிச்சிருக்கு.

அடுத்து, கைப்பிடியை இயந்திர நிறுத்தத்தில் சாத்தி என்கோடர் எண்ணைக் குறிச்சுக்குங்க. முழு விசையில் பத்து நிமிஷம் சுவரை இடிச்சுட்டு மறுபடி அதே நிறுத்தத்தில் சாத்துங்க. எண் மாறியிருந்தா கேபிள் வழுக்குது, டென்ஷனைப் பாருங்க. மாறலைன்னா ஒரு நாள் விட்டு மறுபடி 2 கிலோவுக்கு இறுக்குங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவை.

எண்ணெய் போடாதீங்க. கேபிள் கறுத்தா ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சா போதும். துடைக்கும்போது துணியில நூல் சிக்கிச்சுன்னா ஒரு இழை அறுந்திருக்கு. அது எப்பவும் புல்லி ஓரத்தில்தான் இருக்கும். ஒண்ணு அறுந்துட்டா மத்ததும் பின்னாலேயே வரும், கேபிளை மாத்திடுங்க. முதல்லயே இரண்டு செட் கிரிம்ப் பண்ணி, எடை தொங்கவிட்டு, தயாரா எடுத்து வைங்க.